மதகு லெவலில் நாலாவது ரகசியம்

1

போன வருஷம் இதே பக்கத்தில் நான் எழுதிய ஒரு குறிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். "சாலவாக்கம் ரோட்டிலிருந்து வேற்றுக்கிரகத்துக்கு" என்று தலைப்புகூட நானே வைத்தேன். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து, உலகம் பூராவும் விளையாடிய ஒரு துப்பாக்கி விளையாட்டுக்குப் புதிதாக ஒரு லெவல் செய்ததாகவும், அதைப் பார்த்துத்தான் எனக்கு முதல் வேலை கிடைத்ததாகவும், அந்த வேலையிலிருந்து அடுத்தது, அடுத்ததிலிருந்து பின்லாந்து என்றும் எழுதியிருந்தேன்.

அதைப் படித்துவிட்டு நான் படித்த பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். லீவில் வந்தபோது போனேன். பொன்னாடை போட்டார்கள். நம் ஊர் ஆளுக்கு மைக் கிடைத்தால் கல்வெட்டைப் பற்றிப் பேசாமல் இறங்க மாட்டான். நானும் பேசினேன். அடுத்தவன் பொருளை எடுத்தவன் ஏரி வாரியத்தில் உட்கார முடியாது என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்த ஊர் இது என்று சொன்னேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். மூன்றாவது வரிசையில் ஏழுமலையும் கை தட்டினான். கூட்டம் முடிந்ததும் கிட்டே வந்து, "நல்லா பேசன பாஸ்கரு" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்த லெவலைச் செய்தது ஏழுமலை. நான் இல்லை.

2

இதை எழுத வைத்தது ஒரு மெயில்.

அந்தப் பழைய விளையாட்டை இப்போது ரீமாஸ்டர் செய்து மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள். கதை அதேதான். சிவப்புக் கிரகம், துருப்பிடித்த தொழிற்சாலை, தனியாக மாட்டிக்கொண்ட ஒரு வீரன். திரையில் அவன் கையும் துப்பாக்கியும் மட்டும் தெரியும். மற்றதெல்லாம் நம் கண்தான். ஊரில் இருந்தபோது அதன் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை, "செவப்பு கேம்" என்றுதான் சொல்வோம். புதுப் பதிப்பில் வெளிச்சம், நிழல், தண்ணீர் எல்லாம் அசலாக இருக்கிறது. ஒரு பட்டனைத் தட்டினால் அப்படியே பழைய கட்டம் கட்டமான தோற்றத்துக்கு மாறும். மறுபடி தட்டினால் புதுசு. என் வயதுக்காரர்கள் விளையாடுவதை விட்டுவிட்டு அந்தப் பட்டனைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்வி.

அந்தக் காலத்தில் ரசிகர்கள் செய்து இணையத்தில் ஏற்றிய லெவல்களில் சிலவற்றையும் இப்போது சேர்க்கப்போகிறார்களாம். அதில் ஒன்று "மதகு". பார்த்துச் சொல்லுங்கள் என்று ஒரு முன்பதிப்பும், கூடவே ஒரு படிவமும் அனுப்பியிருந்தார்கள்.

படிவம் என்றால் எனக்கு இங்கே பழக்கம்தான். முதல் முதலாகக் குடியிருப்பு அனுமதிக்கு எழுதியபோதே குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் மாட்டிக்கொண்டேன். இனிஷியல் என்றால் அவர்களுக்குப் புரியவில்லை. து என்றால் என்ன, விரித்து எழுது என்றார்கள். விரித்தேன். அன்றிலிருந்து இந்த நாட்டில் நான் துரைசாமி. முதல் தடவை ஆஸ்பத்திரியில் "துரைசாமி" என்று கூப்பிட்டபோது, நைனா எப்போது வந்தார் என்று திரும்பிப் பார்த்தேன். நைனா என்றால் எங்கள் வீட்டில் அப்பா. என் பெண் ஓவியாவுக்குக் குடும்பப் பெயர் பாஸ்கர். ஒரே வீட்டில் இருக்கிற அப்பாவும் பெண்ணும் வேறு வேறு குடும்பம் என்று ஏர்போர்ட்டில் இன்றைக்கும் சந்தேகப்படுகிறார்கள்.

இந்தப் படிவத்தில் மூன்று கேள்விகள். ஒன்று, இந்த லெவலைச் செய்தவர் நீங்கள் ஒருவர் மட்டும்தானா, ஆம் எனில் கையெழுத்திடவும். இரண்டு, நினைவுகள் ஏதாவது இருந்தால் ஒரு பக்கம் எழுதவும். மூன்றாவது கேள்வியில்தான் எனக்கு வியர்த்தது. "உங்கள் லெவலில் நான்கு ரகசிய அறைகள் இருப்பதாகக் கணக்கு காட்டுகிறது. எங்கள் ஆட்கள் மூன்றைத்தான் கண்டுபிடித்தார்கள். நாலாவது அறை இருக்கிறது, வழி தெரியவில்லை. எப்படித் திறப்பது?"

எனக்கும் தெரியாது. எடிட்டரில் திறந்து பார்த்தால் தெரியும். எனக்கு அந்த எடிட்டரைத் திறக்கவே தெரியாது.

3

கம்ப்யூட்டர் சென்டரில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சேர்ந்தோம். நான் காலேஜ் லீவில் பொழுது போகாமல் போனவன். ஏழுமலை பிளஸ் டூ முடித்துவிட்டு, இதைப் படித்தால் வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்ல வந்தவன். ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் சென்டர்காரர் சாப்பிடப் போனால் நாலு மணி வரை வர மாட்டார். அந்த நேரத்தில்தான் செவப்பு கேம்.

நான் சுட்டுக்கொண்டே போவேன். ஏழுமலை சுடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பான். "இந்தக் கதவு எப்பிடிடா தொறக்குது? எது தொட்டா எது அசையுது?" அவனுக்கு அதுதான் கவலை. அந்த சிடியிலேயே லெவல் கட்டுகிற எடிட்டர் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தவனும் அவன்தான். உதவிக் குறிப்பு எல்லாம் இங்கிலீஷ். நான் படித்துச் சொல்வேன். நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் அவனுக்குப் புரிந்துவிடும், எனக்கு முடித்த பிறகும் புரியாது. என் பங்கு அவ்வளவுதான்.

மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து அவன் கட்டியது எங்கள் ஊர் ஏரி. சாலவாக்கம் போகிற வழியில் இருக்கிற அந்த ஏரியை உங்களில் சிலர் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருப்பீர்கள். விளையாட்டில் அது பச்சை அமிலம் நிரம்பிய குளம். கரை அப்படியே கரை. மதகு, அதிலிருந்து ஓடும் கால்வாய், கால்வாய் நெடுக நாலு மடை. ஒவ்வொரு மடையிலும் ஒரு கைப்பிடி. திருப்பினால் அந்தப் பக்கத்துத் தொட்டி நிரம்பும். நாலும் நிரம்பினால் கடைசிக் கதவு திறக்கும்.

லீவு முடிந்து காலேஜுக்குப் போகும்போது என்னிடம் பிளாப்பியில் போட்டுக் கொடுத்தான். "உங்க காலேஜ்ல நெட்டு நல்லா கீது இல்ல, ஏத்திடு" என்றான். ஏற்றினேன். செய்தவர் பெயர் என்று ஒரே ஒரு கட்டம் இருந்தது. அதில் என் பெயரை அடித்தேன். ஒரே கட்டம்தானே இருந்தது என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு கட்டத்தில் ஒரு பெயர்தான் போகும் என்பது சரி. அந்த ஒன்று ஏழுமலை பெயராக இருந்திருக்கலாம். ஏழுமலையிடம் "நம்ம லெவல ஏத்திட்டேன்டா" என்றேன். அவன் சந்தோஷப்பட்டான்.

யார் யாரோ பாராட்டி எழுதினார்கள். வெளியான கொஞ்ச நாளில் எல்லோரும் அடுத்த விளையாட்டுக்குப் போய்விட்டார்கள். ஆனால் என் வேலை விண்ணப்பத்தில் மட்டும் "மதகு" இருந்துகொண்டே இருந்தது. முதல் இன்டர்வியூவில் அதைப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். நாலு மடையையும் வரிசையாகத் திறந்து காட்டினேன். வேலை கிடைத்தது. முதல் தடவை பெயரைப் போட்டபோதுகூட விளையாட்டுப் புத்தி என்று சொல்லிக்கொள்ளலாம். அன்றைக்கு நல்ல சட்டை போட்டுக்கொண்டு, தெரிந்தே பொய் சொன்னேன்.

4

பின்லாந்தில் நான் இருக்கும் ஊர் தம்பெரே. ஊரில் பாதிப் பேர் தாம்பரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நான் திருத்துவதில்லை. இங்கே வந்து இத்தனை வருஷமாகியும் இந்த மொழி எனக்குச் சரியாக வரவில்லை. குறில் நெடில் படித்து வளர்ந்தவன்தான். ஆனாலும் ஓவியாவின் வகுப்பு டீச்சரிடம் "நாளை உங்களைச் சந்திக்கிறேன்" என்று சொல்லப்போய், நெடிலைக் குறிலாக்கி "நாளை உங்களைக் கொல்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். டீச்சர் சிரித்தார். ஓவியா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தால், "அப்பா, நீ பேசாத, நான் பேசறேன்" என்பாள்.

ஓவியாவுக்குப் பதினாலு வயது. தமிழ் பேசுவாள், அதாவது வீட்டில் தேவையான அளவுக்கு. எழுத்து வராது. சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடந்தது. இரண்டு வருஷம் போனாள். பா. ஓவியா என்று எழுதக் கற்றுக்கொண்டு அதையே நோட்டு முழுக்க எழுதினாள். பிறகு நிறுத்திவிட்டோம். அதற்கும் ஒரு படிவம் இருந்தது. நிறுத்தும் காரணம் என்ற இடத்தில் "குழந்தைக்கு ஆர்வம் இல்லை" என்பதில் டிக் அடித்தேன். உண்மையில் சனிக்கிழமை காலையில் பனியில் கார் ஓட்ட ஆர்வம் இல்லாதவன் நான்.

இந்த மெயில் வந்த விஷயத்தை என் மனைவி ஓவியாவிடம் சொல்லிவிட்டாள். பல மாதமாக என்னிடம் ஆமாம், இல்லை என்று மட்டும் பேசிக்கொண்டிருந்த பெண், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நிஜமாவே நீ செஞ்சதா? கிளாஸ்ல எல்லாரும் இத விளையாடறாங்க." ஆமாம் என்றேன். மூன்று நாள் தினமும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்த மூன்று நாளும் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"நாலாவது ரகசியம் எங்க அப்பா?"

"நீயே கண்டுபிடி. சொல்லிட்டா சுவாரசியம் போயிடும்."

"ஒரு க்ளூ?"

"க்ளூவெல்லாம் கிடையாது."

5

படிவத்துக்குக் கெடு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழுமலைக்கு போன் செய்தேன். உண்மையைச் சொல்லப் போன் செய்தேன் என்று எழுத ஆசைதான். அந்த ரகசியத்தைக் கேட்டு, படிவத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பலாம் என்றுதான் செய்தேன்.

ஏழுமலை இப்போது வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் எலக்ட்ரீஷியன். "இன்னாடா, ஞாயித்துக்கெயம காலீல? அங்க எல்லாரும் நல்லாத்தான கீறீங்க?" என்றான்.

"நல்லா இருக்கோம்டா. ஒண்ணு கேக்கணும். நம்ம மதகு லெவல் செஞ்சமே, ஞாபகம் இருக்கா?"

செஞ்சமே என்று சொல்லும்போது வாய் கூசவில்லை.

"ஏன் இல்லாம?"

"அதுல நாலாவது சீக்ரெட்ட எப்படித் திறக்கறது?"

போனில் அவனுக்குப் பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

"நீ இன்னும் அத்தத் தொறக்கலியா?"

"இல்ல."

"இத்தினி வருசமாவா?"

"ம்."

"எங்கப்பா எப்பிடித் தொறப்பாரு? அப்பிடித் தொற. அவ்ளோதான். கரண்டு வந்துட்சி, மோட்டாரு போடணும். வெச்சிடட்டா?" என்று வைத்துவிட்டான்.

ஏழுமலையின் அப்பா முனுசாமி. அப்போது எங்கள் ஏரிக்கு மதகு திறக்கிறவர் அவர்தான். எந்த மடைக்கு எத்தனை நாள் தண்ணீர் என்று அவர் சொல்வதுதான் ஊரில் கணக்கு. ஏரி நிரம்பிக் கிடந்தால் மேலேயிருந்து வரிசையாகத் திறப்பார். பாதி ஏரிதான் என்றால் முறை தலைகீழாகும். கடைமடைக்கு முதல் தண்ணீர், பிறகு அடுத்தது, தலைமடைக்குக் கடைசி. மேலே இருக்கிறவன் எப்படியும் எடுத்துக்கொள்வான், கீழே இருக்கிறவனுக்குத்தான் இல்லாமல் போகும் என்பதால் ஊரில் அப்படி ஒரு ஏற்பாடு. எங்கள் நிலம் முழுக்கத் தலைமடையில் இருந்தது.

நான் காலேஜில் இருந்தபோது ஒரு வருஷம் மழை பொய்த்தது. சென்டரில் சேர்ந்த அந்த லீவில் ஊரில் இருந்தேன். நைனா என்னை பைக் எடுக்கச் சொல்லிப் பின்னால் ஏறிக்கொண்டார். ஏரிக்கரையில் முனுசாமி நின்றிருந்தார், கையில் மதகு திருப்புகிற இரும்புக் கைப்பிடி. மேலே குறுக்காக ஒரு கம்பி வைத்தது, முழங்கை நீளம் இருக்கும். கீழே கால்வாயில் ஏழுமலை மண்வெட்டியோடு நின்றிருந்தான்.

"இன்னா முனுசாமி, எம் மடைக்குத் தண்ணி எங்க?"

"கடமட ரெண்டு நாள்ல முடிஞ்சிரும்ங்க. அப்பால ஒண்ணொண்ணா மேல வந்துரும்."

"எங்க நெலத்துக்கு நாள் குறிக்க நீ யாரு?"

"ஊரு மொறைங்க அது. நான் சொல்லலீங்க."

நைனா அந்தக் கைப்பிடியைப் பிடித்தார். முனுசாமி இழுக்கவில்லை, விடவும் இல்லை. கொஞ்ச நேரம் அது இரண்டு பேர் கையிலும் இருந்தது. பிறகு முனுசாமி விட்டுவிட்டார். கரையில் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நைனா அதைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, "புட்சிக்கடா, வூட்டுக்கு வுடு" என்றார். ஏழுமலை என்னையே பார்த்தான். நான் பைக்கைத் திருப்பினேன். இறங்கியிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கைப்பிடி நழுவாமல் தொடையை ஒட்டி வைத்துக்கொண்டு பத்திரமாக வீட்டுக்கு ஓட்டிப் போனேன்.

அதற்குப் பிறகு எங்கள் ஆள் ஒருவன் மதகு திறந்தான். முனுசாமி வாலாஜாபாத் மில்லுக்கு மூட்டை தூக்கப் போனார். ஏழுமலை அடுத்த ஞாயிற்றுக்கிழமை எப்போதும் போல சென்டருக்கு வந்தான். அன்றைக்குத்தான் எடிட்டரைத் திறந்து, முதல் வேலையாக ஒரு கரையைக் கட்டினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து இங்கிலீஷ் படித்துச் சொன்னேன். எது என்ன என்று அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

6

போனை வைத்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஓவியா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வேண்டாம் என்று சொல்ல எந்தக் காரணமும் தோன்றவில்லை.

ஆட்டம் தொடங்கும் இடம் தலைமடை. முதல் கைப்பிடி கண் முன்னாலேயே இருக்கும். விளையாடுகிற எவனும் அதைத்தான் முதலில் திருப்புவான். நானும் இத்தனை வருஷமாக அதைத்தான் செய்தேன். இந்தத் தடவை தொடாமல் தாண்டிப் போனேன். கால்வாயோடு கடைசி வரை போக வேண்டும், பாதையெல்லாம் ராட்சசப் பூச்சிகள். இரண்டு தடவை செத்தேன்.

"அப்பா, ஆரம்பத்துல இருக்கறத ஏன் திறக்கல?"

"இது கீழேருந்து மேல வரணும்."

கடைமடைக்கு வந்து சேர்ந்தேன். புதுப் பதிப்பில் கைப்பிடி நீல வெளிச்சம் வீசும் ஒரு சக்கரமாக மாறியிருந்தது. ஓவியா கை நீட்டிப் பட்டனைத் தட்டினாள். பழைய தோற்றம் வந்தது. நீளமான ஒரு கம்பி, மேலே குறுக்காக இன்னொன்று. கட்டம் கட்டமாக, பழுப்பு நிறத்தில். என் தொடையில் அந்த இரும்பின் கனம் தெரிந்தது. நூறு தடவையாவது அந்தக் கைப்பிடியைத் திருப்பியிருக்கிறேன். என்ன அது என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

கடைமடை, அதற்கு மேல், அதற்கும் மேல், கடைசியாகத் தலைமடை. நாலாவதைத் திருப்பியதும் கரையின் உள்ளே எங்கேயோ கல் நகரும் சத்தம் கேட்டது. மதகுக்குப் பின்னால் ஒரு சுவர் இறங்கியிருந்தது. உள்ளே சின்ன அறை. ஆயுதம் இல்லை, மருந்துப் பெட்டி இல்லை. எதிர்ச் சுவரில் செங்கல் செங்கலாக அடுக்கிப் பெரிய எழுத்தில் இரண்டு வரி இருந்தது.

பாஸ்கர்
ஏழுமலை

ஓவியா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "தமிழ்!" என்றாள். திரைக்குப் பக்கத்தில் போய் விரலை வைத்து, "பா... ஸ்... க..." என்று எழுத்துக் கூட்டினாள். பா அவள் இனிஷியல், அது அவளுக்குத் தெரியும். "அப்பா, உன் பேரு. உன் பேரு எழுதியிருக்கு." இரண்டாவது வரிக்கு விரல் இறங்கியது. ஏ வரை வந்து நின்றது. "இது என்ன எழுத்து? இது நாங்க படிக்கல."

அந்த நேரத்தில் என் மனதில் முதலில் வந்தது என்ன என்பதை எழுதிவிடுகிறேன். இவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று தோன்றியது. பட்டனைத் தட்டினால் போதும், புதுத் தோற்றத்தில் அந்தச் சுவர் முழுக்கக் குழாய்களாகிவிடும். லெவல் பெயர், ஊர்ப் பெயர் என்று எதையாவது சொல்லிவிடலாம். இரண்டு வருஷத்தில் நிறுத்திய தமிழ் வகுப்பு என்னைக் காப்பாற்ற நின்றுகொண்டிருந்தது. என் விரல் பட்டன் மேல்கூடப் போய்விட்டது.

"ஏழுமலை" என்று படித்தேன்.

"அது யாரு?"

"இதச் செஞ்சவர்."

"நீ செஞ்சேன்னு சொன்ன?"

"பொய் சொன்னேன்."

அவள் திரும்பச் சுவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கோபம் இருந்தால் எளிதாக இருந்திருக்கும். கோபமெல்லாம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அப்ப நீ என்ன செஞ்ச?"

இங்கிலீஷ் படித்துச் சொன்னேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கேட்டிருந்தால் பாதி பெயர் எனக்கே வந்திருக்கும், சுவரில் எழுதியே வைத்திருந்தான். பாதி போதாமல் முழுசாக எடுத்துக்கொண்டேன். அதை அவளுக்கு எந்த மொழியில் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் நாற்காலியை எடுத்த இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டாள்.

7

அன்று மதியமே ஏழுமலைக்கு மறுபடி போன் செய்தேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன். ஏற்றியபோது போட்ட பெயர், இன்டர்வியூ, போன வருஷக் குறிப்பு, பொன்னாடை, காலையில் எதற்குப் போன் செய்தேன் என்பது வரை.

"தெரியும்டா" என்றான். "சென்டருக்கு நெட்டு வந்தப்பவே பாத்துட்டேன்."

"ஏன்டா கேக்கல?"

"இன்னான்னு கேக்கறது? தொறந்து பாத்துட்டு நீயே வருவேன்னு நெனச்சேன். ஒரு வருசம், ரெண்டு வருசம் பாத்தேன். அப்பால மறந்துட்டேன்."

மறந்துவிட்டேன் என்றுதான் சொன்னான். நான் நம்பவில்லை. ஆனால் அதைத் தோண்டுகிற உரிமை எனக்கு இல்லை.

"எம் பேர ஏன்டா மேல போட்ட?"

"மேல் செவுரு சின்னது. உன் பேருதான் அடங்குச்சி."

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு வேறு ஏதோ வந்துவிட்டது. அவனுக்குக் கேட்கக் கூடாது என்று போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

கம்பெனிக்கு எழுதிவிட்டேன், செய்தவர் இவர்தான், நான் இல்லை என்று. புதுப் படிவம் அனுப்பினார்கள், ஏழுமலை பெயருக்கு. குடும்பப் பெயர் கட்டத்தில் சிவப்பு நட்சத்திரம், நிரப்பாமல் விட முடியாது. ஏழுமலையிடம் கேட்டேன்.

"மு-ன்னா என் இனிசலு. அத்தப் போடேன்."

"இனிஷியல் ஆகாதாம். விரிச்சு எழுதணும்."

"அப்ப முனுசாமின்னு போடு. அந்த மதகு அவருதுதான?"

போட்டேன். அடுத்த மாதம் வரப்போகிற பதிப்பில், துரைசாமி வரவிருந்த இடத்தில் முனுசாமி இருக்கும். உன் பெயரும் இருக்கட்டும், நான்தானே சுவரில் போட்டேன் என்று ஏழுமலை சண்டை பிடித்தான். சுவரில் இருப்பது போதும் என்று சொல்லிவிட்டேன்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு, "வேற எதுனா நான் செய்யணுமாடா?" என்று கேட்டேன். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். அவன் உடனே பதில் சொன்னான். ரொம்ப நாளாக வாயில் வைத்திருந்திருப்பான்.

"அந்தக் கைப்பிடி உங்க வூட்லதான கீது?"

தெரியவில்லை என்றேன்.

"கேமு கெடக்குது வுடு. அத்தக் கொண்டாந்து எங்கப்பாகிட்ட குடு. இப்ப அந்த மதகே மாத்திட்டாங்க, அத்த வெச்சிக்கினு ஒண்ணும் தொறக்க முடியாது. ஆனா அவரு கேக்கறாரு. இன்னும் கேட்டுக்கினுதான் கீறாரு."

வீட்டில் இப்போது என் தம்பி குடும்பம் இருக்கிறது. அவனுக்கு போன் செய்தேன். மாட்டுக் கொட்டாயில் ஆணியில் அப்படியேதான் தொங்குகிறதாம், அவன் ஹெல்மெட் மாட்டி வைக்கிறானாம். போட்டோ அனுப்பினான். துருப்பிடித்திருக்கிறது, மற்றபடி அதேதான். போட்டோவை ஓவியாவிடம் காட்டினேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் என் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. போட்டோவை மட்டும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "நானும் வரேன்" என்றாள். என்மேல் இருந்தது போய்விட்டதா என்று கேட்கவில்லை.

தை மாதத்துக்கு டிக்கெட் போட்டிருக்கிறோம். காரில் வராதே, பைக்கில் வா என்று ஏழுமலை சொல்லியிருக்கிறான். கரையில் அன்றைக்கு நின்றவர்களில் நாலைந்து பேர் இன்னும் இருக்கிறார்களாம். ஓவியா பின்னால் உட்காருவாள். கைப்பிடி என் மடியில் இருக்கும். இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும் என்பது வரைக்கும் யோசித்து வைத்திருக்கிறேன். அவர் வாங்கிக்கொண்ட பிறகு என்ன சொல்ல வேண்டும் என்று இன்னும் தெரியவில்லை.